ஆற்றில் சொன்ன பெயர்

இராசாத்தி தன் புருஷனின் பெயரை வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. வந்தாறுமூலையில் அவள் வயதுக்காரிகள் பலரும் அப்படித்தான். சிரிக்காதீர்கள். பெயரைச் சொன்னால் அவன் ஆயுளில் ஒரு நாள் கழியும் என்று சின்ன வயதிலேயே காதில் ஓதிவிட்டால், பிறகு என்னதான் படித்தாலும் நாக்கு எழும்பாது. "இஞ்சேருங்க" என்றால் அவன் திரும்பிப் பார்ப்பான். அவனும் பெரிதாகக் கதைக்கிறவன் இல்லை. தச்சுவேலைக்காரன். வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்று கூப்பிடமாட்டான். கதவு நிலையில் விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டுவான். அவளும் எழும்பிப் போய்த் திறப்பாள். தொண்ணூறாம் ஆண்டுவரைக்கும் அந்தக் குடும்பம் அப்படித்தான் பெயரில்லாமல் நடந்தது.

தொண்ணூறில், அவர்கள் ஒதுங்கியிருந்த அகதி முகாமுக்குள் ஆமி லொறி வந்தது. "விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்று ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். இராசாத்தியின் ஆள் யோகராசாவும், அடுத்த வளவுக்காரி கண்ணகையின் ஆள் வினாயகமூர்த்தியும் ஒரே லொறியில் ஏறினார்கள். வினாயகமூர்த்தி உழவு மெசின் ஓட்டுகிறவன், வாய்க்காரன். லொறியில் நின்றுகொண்டும் "சோத்த மூடிவை, வந்து தின்னுறன்" என்று கண்ணகைக்குச் சத்தம் போட்டான். யோகராசா லொறியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு பெண்களும் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. எந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாலும் முதல் கேள்வி ஆளின் பெயர் என்ன என்பதுதான். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். கடைசியில் கண்ணகைதான் வழி கண்டுபிடித்தாள்.

"நீ என்ட ஆள்ர பேரச் சொல்லு புள்ள. நான் உன்ட ஆள்ர பேரச் சொல்றன். ரெண்டு பேர்ர ஆயுசுக்கும் பழுதில்ல."

அப்படியே நடந்தது. ஆறு வருஷம் கண்ணகை "யோகராசா" என்றாள், இராசாத்தி "வினாயகமூர்த்தி" என்றாள். யாருக்கு யார் பெண்சாதி என்று ஒரு கிளாக்கர் குழம்பிப்போய் இரண்டு படிவத்தையும் கிழித்துப் போட்டதும் உண்டு. கண்ணகை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இராசாத்திக்குச் சிரிப்பு வராது. ஆனால் கண்ணகை சிரிப்பதைப் பார்க்கப் பிடிக்கும்.

தொண்ணூற்றாறு ஆவணியில் இரண்டு பேரும் மண்டூர் முருகனின் தீர்த்தத்துக்கு நடந்துபோவதாக நேர்ந்தார்கள். முப்பது மைலுக்கு மேல், செருப்பில்லாமல். ஆளுக்கொரு வெள்ளி ஆளுருவம் கொண்டுபோய்க் கோயிலில் கொடுத்து, ஆளைத் திருப்பித் தா என்று கேட்பது நேர்த்தி. வெள்ளிக்கு எங்கே போவது? இராசாத்தி மகளின் கொலுசுச் சோடியைக் கழற்றினாள். மகளுக்கு ஒன்பது வயது. அப்பா சவூதியில் வேலை செய்கிறார் என்று சொல்லி வளர்த்த பிள்ளை.

"அப்பா வாறத்துக்குத்தானே? எடுங்க" என்று அது காலை நீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கொலுசில் யோகராசா, மற்றதில் வினாயகமூர்த்தி. விரல் நீளம், தகடு மெல்லிசு, கை கால் தலை என்று வெட்டியதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. தட்டார் கோணாமலை இரண்டையும் தராசில் வைத்துக் காட்டினார். முள் அசையவில்லை. கொடுக்கும்போது அவர் முகம் கொஞ்சம் கறுத்தது.

"கேளுங்க புள்ளையள். ஆளுருவம் உசிரோட இரிக்கிறவனுக்குத்தான். கோயிலுக்குப் போய்ச் சேருமட்டும் நிலத்தில வைக்கப்படாது. போற வழியில அது பாரமாகினா, கோயிலுக்குள்ள கொண்டுபோகாம ஆத்தில விட்டிருங்க. அவன்ட பேர மூணு தரம் சொல்லி விடணும்."

"பாரமாகினா எண்டா?" என்று கண்ணகை கேட்டாள்.

"ஆகினாத் தெரியும்" என்றார் கோணாமலை. கூலி வாங்கவில்லை.

ஒரே மஞ்சள் துணியை இரண்டாகக் கிழித்து, முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு விடிய வெளிக்கிட்டார்கள். ஏறாவூர் வரைக்கும் கண்ணகையின் வாய் ஓயவில்லை. "உன்ட ஆளக் கோயில்ல கொண்டுபோய் விட்டா, முருகன் ரெண்டு கதவு செய்விச்சுப்போட்டுத்தான் அனுப்புவார், பாத்துக்க" என்றாள். இராசாத்திக்கும் சிரிப்பு வந்தது. வெயில் ஏறவில்லை, கால் சுடவில்லை, இடுப்பில் முடிச்சு இருப்பதே தெரியவில்லை.

ஏறாவூர் கடந்து கொஞ்சத்தூரம் போனதும் அது தெரிந்தது.

முதலில் பசி என்று நினைத்தாள். பிறகு சேலை வழுகுகிறது என்று இழுத்துச் செருகினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வழுகியது. முடிச்சு இருந்த பக்கம் இடுப்பு இறங்கிக்கொண்டு போனது. கை வைத்துப் பார்த்தாள். வெயிலில் நடக்கிறவளின் இடுப்பில் இருந்தது குளிர்ந்து கிடந்தது.  கண்ணகையிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் அல்லவா? "கால்ல முள்ளு" என்று பொய் சொல்லிப் பின்னாலேயே நடந்தாள்.

கல்லடிப் பாலத்துச் சென்றிக் காவலரணில் மறித்தார்கள். நரை விழுந்த ஓர் ஆமிக்காரன், நாள் முழுக்க நின்று களைத்தவன். முடிச்சுகளை அவிழ்க்கச் சொன்னான். கண்ணகையின் உருவத்தை எடுத்து உள்ளங்கையில் ஒரு தரம் எறிந்து பிடித்துவிட்டுக் கொடுத்தான். அதே மாதிரி இராசாத்தியின் உருவத்தை எடுத்தான். அவன் கை அப்படியே கீழே போனது. மற்றக் கையையும் கொடுத்துத் தாங்கினான்.

"மே யகடத?" என்றான். இரும்பா என்று கேட்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது.

"வெள்ளி, ஐயா. சாமிக்கு."

அவன் உருவத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் நெற்றியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தான். பிறகு சடக்கென்று அவள் கையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே போகச் சொல்லிக் கை காட்டினான். கண்ணகை அப்போது தன் முடிச்சைக் கட்டுவதில் குனிந்திருந்தாள். அவள் ஒன்றும் காணவில்லை.

அன்றைக்கு நாவற்குடாவில் கண்ணகையின் மச்சாள் வீட்டில் தங்கினார்கள். அடுத்த நாள் விடிய மறுபடியும் றோட்டு. காத்தான்குடியில் ஒரு பொம்பளை வாசலுக்கு வந்து செம்பில் தண்ணீர் கொடுத்தாள். தொண்ணூறில் பள்ளிவாசலுக்குள் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு அங்கே வேறு யாரும் முகம் கொடுப்பதில்லை.  ஒவ்வொரு அடியும் இராசாத்தியின் இடது கால் ஆழமாக விழுந்தது. அவன் இல்லை, அவன் இல்லை என்று அந்தக் கால் சொல்லிக்கொண்டே வருவது போலிருந்தது. ஐயோ, அந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்வேன் என்று உள்ளுக்குள் குழறிக்கொண்டு, வெளியில் கண்ணகையின் பகிடிக்கெல்லாம் "ஓம், ஓம்" போட்டுக்கொண்டு நடந்தாள்.

உச்சி வெயிலில் குருக்கள்மடம் தாண்டி, ஆட்கள் விட்டுப்போன ஒரு வளவுக்குள் குளிக்க இறங்கினார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு மட்டும் நல்லாக இருந்தது; யாரோ புதுக்கயிறு போட்டு வாளி கட்டி வைத்திருந்தார்கள். அந்த வளவில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை. வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் மேலே வர அதிக நேரம் எடுத்தது.

கிணற்றடியில் பூவரசு. நிலத்தில் வைக்கக்கூடாதே, இரண்டு பேரும் முடிச்சுகளை ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். கண்ணகை தலையில் தண்ணீரை ஊற்றி, கண்ணை மூடி, அரப்புத் தேய்க்கத் தொடங்கினாள். இராசாத்தி கிளையைப் பார்த்தாள். தன் முடிச்சு தொங்கிய இடத்தில் கிளை வளைந்து கீழே வந்திருந்தது. கண்ணகையின் முடிச்சு சின்னக் காற்றுக்கும் ஆடியது. காற்றா? காற்று இருக்கவில்லை.

கேட்டுக்கொள்ளுங்கள், இராசாத்தி கெட்டவள் இல்லை. பக்கத்து வளவில் அடுப்பு எரியாத நாளில் தன் சோற்றில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள். ஆனால் அந்த நேரம் அவள் மனதில் ஓடியது இதுதான்: கண்ணகைக்குப் பிள்ளை இல்லை. அவளிடம் யாரும் அப்பா எங்கே என்று கேட்கப் போவதில்லை. அவள் சிரிக்கத் தெரிந்தவள், தாங்கிக்கொள்வாள். முருகன் பார்ப்பது கையில் இருப்பதைத்தானே?

கை நீண்டது. ஆடிக்கொண்டிருந்த முடிச்சை எடுத்து இடுப்பில் செருகினாள்.

கண்ணகை குளித்து முடித்து, சேலையைச் சுற்றி, மற்ற முடிச்சை எடுத்தாள். எடுத்த கை நின்றது.  அதை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு சேர்த்தாள். பிறகு இடுப்பில் கட்டிக்கொண்டு "வா, போவம்" என்றாள்.

 இரண்டு நாள் ஓயாத வாய் மூடிக்கொண்டது. றோட்டை விட்டு ஆற்றோரத்து மணல் பாதையால் நடந்தார்கள். இந்தப் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். கண்ணகை முன்னே போனாள், இராசாத்தி பின்னே. கண்ணகையின் பாதம் ஈரமணலில் கணுக்கால் வரைக்கும் புதைந்தது. பின்னால் வந்த இராசாத்தி பார்த்துக்கொண்டிருக்கவே ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் ஊறி நிறைந்தது. தன் காலடியைக் குனிந்து பார்த்தாள். தடமே சரியாகப் பதியவில்லை. இவ்வளவு லேசாகத் தான் ஒரு நாளும் நடந்ததில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் காலை வேண்டுமென்றே அழுத்தி ஊன்றினாள்.

களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட ஒரு தெருவோரப் பிள்ளையாரடியில் கண்ணகை நின்று, தனியாகப் போய்க் கும்பிட்டாள். திரும்பி வந்தபோது அவள் நெற்றியில் பொட்டு இல்லை.

"என்ன கா, பொட்டு எங்க?"

"வேர்த்து அழிஞ்சு போச்சு."

வேர்வையில் அழிந்த நெற்றி இப்படித் துப்பரவாக இருக்காது. 

குருமன்வெளித் துறைக்கு வந்துசேர நாலு மணி. இந்தக் கரை ஆமியின் கரை, அந்தக் கரை இயக்கப் பெடியன்களின் கரை. நடுவில் போகிற பாதைக்கு ஐந்து மணியோடு கடைசி ஓட்டம். பாதை என்றால் நடக்கிற பாதை இல்லை, இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டிப் பலகை பரப்பிய மிதவை. அன்றைக்கு ஏறியது இவர்கள் இரண்டு பேரும், நாலைந்து நெல் மூட்டையும், ஒரு மாடும். ஓட்டுகிறவர் முகைதீன்பாவா, நீளக் கோலை ஊன்றித் தள்ளினார். மாடு கண்ணகையைப் பார்த்துவிட்டு, கயிறு எட்டிய வரைக்கும் விலகிப்போய் நின்றது.

நடு ஆற்றில் கண்ணகை விளிம்பில் இருந்து கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். தாலிக்கொடியை அவிழ்த்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"கண்ணக! என்ன செய்யிறாய்?"

கண்ணகை திரும்பினாள். இராசாத்தி எதிர்பார்த்தது அழுத முகம். அந்த முகம் அழவில்லை. காய்ச்சல் விட்டுப்போன பிள்ளையின் முகம் போல இருந்தது.

"அவர் சொல்லிப்போட்டார் புள்ள. கிணத்தடியில வைச்சுச் சொல்லிப்போட்டார். பாரமாகிட்டார்."

இராசாத்தி தன் இடுப்பு முடிச்சைப் பொத்திப் பிடித்தாள்.

"உனக்கு ஒண்டு சொல்லட்டா? என்னைப் பேசப்படாது. நான் ஒரு நாளும் அவர் திரும்பி வரணும் எண்டு கும்பிடல்ல. செத்திரிக்கணும் எண்டுதான் கும்பிட்டன். உசிரோட வைச்சு என்னத்தச் செய்யிறானுகளோ, எந்த இருட்டுக்குள்ள போட்டிரிக்கானுகளோ, பசிக்குமே அவருக்கு, பசி தாங்கமாட்டாரே எண்டு... ஆறு வருஷம் புள்ள. ஒவ்வொரு சோத்துப் பிடியும் நெஞ்சில நிக்கும். சிரிக்காட்டி விசராக்கிப் போடும் எண்டுதான் சிரிச்சன். இண்டைக்கு அது பாரமாகினதும் எனக்கு மூச்சு வந்திச்சு. இனி அவருக்கு நோகாது."

முடிச்சை அவிழ்த்து உருவத்தை எடுத்து, ஒரு கையில் ஏந்தி, தாலியைப் பொத்திய கையை அடியில் கொடுத்தாள். 

"பேர் சொல்லி விடணும் எண்டு தட்டார் சொன்னவரே. இவ்வளவு நாளும் நீதானே அவர்ர பேர் சொன்னாய். இண்டைக்கும் நீயே சொல்லு. மூணு தரம்."

இதுதான் இராசாத்தி நின்ற இடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது. கண்ணகைக்கு மூச்சு வந்துவிட்டது. பிள்ளைக்கு அப்பா இருக்கிறார். யாரும் கேட்கப் போவதில்லை. ஒரே ஒரு ஆளுக்குத்தான் அநியாயம். அவன் ஒரு நாளும் வாய் திறந்து ஒன்றும் கேட்காதவன்.

"வினாயகமூர்த்தி" என்றாள்.

கண்ணகை உருவத்தைத் தண்ணீரில் விட்டாள். ஆமிக்காரனின் கையை இழுத்த உருவம், பூவரசங் கிளையை வளைத்த உருவம், தண்ணீரில் மல்லாந்து படுத்தது. தாழவில்லை.

"வினாயகமூர்த்தி."

அது ஆடாமல் அசையாமல் கிடந்தது. பாதை நகர, அதுவும் கூடவே நகர்ந்தது. தண்ணீர் மற்றப் பக்கம் இழுத்தும் அது இந்தப் பக்கமாக வந்தது.

முகைதீன்பாவா கோலை நிறுத்தினார். "வெள்ளித் தகடா புள்ள அது? என்னெண்டு மிதக்குது?" என்றார். 

"போறாரில்ல" என்றாள் கண்ணகை. அவள் குரலில் இருந்த தெளிவு போய்விட்டது. "இன்னொரு தரம் இரிக்கு. வடிவாச் சொல்லு புள்ள. அவருக்குக் கேக்கல்ல."

"வினாயக..." இராசாத்தியின் குரல் பாதியில் உடைந்தது.

உருவம் பாதையின் பலகையை வந்து முட்டியது. ஒரு தட்டு. விலகியது. மறுபடியும் வந்தது. இன்னொரு தட்டு. அதோடு நின்றது.

அலை என்று சொல்வீர்கள். அன்றைக்கு ஆறு எண்ணெய் ஊற்றியதைப் போலக் கிடந்தது. இராசாத்தியின் காலுக்கு நேர் கீழே, பலகைக்கு மறுபக்கத்தில், கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் இரண்டு தட்டு. கதவைத் திற என்று சொல்ல அவனுக்குத் தெரிந்த ஒரே விதம் அதுதான்.

அவள் முழங்காலில் விழுந்தாள். தண்ணீருக்கு மேலே குனிந்தாள். கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருஷத்தில் சொல்லாததைச் சொன்னாள்.

"யோகராசா."

வெள்ளி ஒரு பக்கம் சரிந்தது.

"யோகராசா." அது பலகையை விட்டு விலகியது.

மூன்றாம் தரம் சொன்னபோது அது பெயரா குழறலா என்று தெரியவில்லை. உருவம் தலை கீழாகி, கல் போல நேரே இறங்கியது. அது மறைந்த இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. மாடு பெருமூச்சு விட்டுவிட்டு, விலகி நின்ற இடத்திலிருந்து திரும்பி வந்தது.

கண்ணகை தண்ணீரைப் பார்த்தாள். இராசாத்தியைப் பார்த்தாள். இராசாத்தியின் இடுப்பில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். விளங்குவதற்கு அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை; ஆறு வருஷம் பெயர் மாறிச் சொன்னவள்.

"கிணத்தடியிலயா?"

"ஓம்."

இராசாத்தி முடிச்சை அவிழ்த்துக் கண்ணகையின் மடியில் வைத்தாள். மஞ்சள் துணி காற்றில்லாமலே மெல்ல ஆடியது. உள்ளே இருந்தது அவ்வளவு லேசாக இருந்தது.

"அப்ப இவர் இரிக்கார்" என்றாள் கண்ணகை. சந்தோஷமான செய்தியை இப்படிச் சொல்லி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "எங்கயோ இரிக்கார். இப்பவும் இரிக்கார்."

"கண்ணக, என்னை அடி. நாலு அடி அடி."

கண்ணகை அடிக்கவில்லை. பொத்திய கையை விரித்தாள். தாலிக்கொடி உள்ளங்கையில் தடமாகப் பதிந்து கிடந்தது. அதை எடுத்துக் கழுத்தில் போட்டு, பின்னால் கொளுவ முயன்றாள். விரல் ஒத்துழைக்கவில்லை. இராசாத்தி எழும்பிப் போய்க் கொளுவிவிட்டாள்.

மண்டூர்க் கரையிலிருந்து மேளச் சத்தம் வந்தது. பாதை மணலில் உரசி நின்றது. மாட்டுக்காகக் கரையில் காத்து நின்றவன் கயிற்றுக்குக் கை நீட்டினான். கண்ணகை எழும்பவில்லை.

"இந்த வெறும் நெத்தியோட கோயிலுக்குப் போகேலாது" என்றாள். "வை."

இராசாத்தியிடம் குங்குமச் சிமிழ் இல்லை. தன் நெற்றியைத் தொட்டாள். பெருவிரலால் அழுத்தி, ஒரு துளியும் மிச்சம் இல்லாமல் வழித்து எடுத்தாள். இனி அது அவளுக்கு வேண்டாம். அதைக் கண்ணகையின் நெற்றியில் வட்டமாக வைத்துவிட்டாள்.

கண்ணகை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "நீ சொல்லாம இரிந்திரிக்கலாம் புள்ள" என்றாள்.

கண்ணகை அழத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.